கரப்பனும் பத்தியமும்

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தில் உள்ள பத்துக் குறள்களுள் ஆறு உணவைப் பற்றியன. மருத்துவனைப் பற்றிக் கூறுமுன் உண்பவனைப் பற்றிக் கூறும் வள்ளுவர், முன் உண்டது செரித்தபின் உண்ணுதல், அளவறிந்து உண்ணுதல், உடலோடு பொருந்துவதை உண்ணுதல் ஆகியவற்றை வற்புறுத்துகின்றார். தமிழர் மருத்துவ மரபில் அடுக்களைக்கு உள்ள இடத்தை இதனால் உணரலாம். யாழ்ப்பாணத்தில் இம்மரபு இன்றும் வழக்கொழியவில்லை. காய்ச்சற்காரனுக்கும் பத்தியம் உண்டு. பிள்ளை பெற்றவளுக்கும் சரக்கு அரைத்த பத்தியக்கறி உண்டு. இவை சில நாட்களில் அல்லது சில வாரங்களில் முடிந்துவிடுவன. முடிவின்றி நீளும் பத்தியம் ஒன்று உண்டெனில் அது கரப்பனுக்குரிய பத்தியமேயாகும்.

மேனாட்டு மருத்துவர் எக்ஸீமா என்று கூறும் இந்நோய் தணிவதும் மீள்வதுமாக ஆண்டுக்கணக்கில் நிலைப்பது. முழங்கையின் உட்புறத்திலும் முழங்காலின் பின்புறத்திலும் கழுத்திலும் தோல் சிவந்து வறண்டு, சொறியச் சொறியத் தடிக்கின்றது. எக்ஸீமா என்பது கொதித்துப் பொங்குதலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லடியாகப் பிறந்தது. யாழ்ப்பாணத்து மக்களும் இதனை உடற்சூட்டோடு தொடர்புபடுத்தியே பேசுவர். தோலிற் பொங்கச் செய்வன என்று கருதப்படும் உணவுகளைக் 'கிரந்தி' என்பர். கத்தரிக்காய், இறால், நண்டு, கணவாய், கருவாடு, அன்னாசி என இப்பட்டியல் தொடங்கும். எங்கே முடியும் என்பது வீட்டுக்கு வீடு வேறுபடும். செம்மண் தோட்டங்களின் விளைச்சலெல்லாம் வந்து குவியும் சந்தையைக் கொண்ட சுன்னாகத்திற் பிறந்த ஒருவருக்குக் கத்தரிக்காயை வாழ்நாள் முழுவதும் விலக்குதல் எளிய காரியமன்று.

அவ்வூரைச் சேர்ந்த கலைப்பீட மாணவி ஒருத்தியின் அனுபவம் இங்கு நோக்கற்பாலது. ஒரு வயது நிரம்புமுன் அவளுக்குக் கரப்பன் கண்டது. முதலில் இறாலும் நண்டும் நிறுத்தப்பட்டன. நோய் மீண்டது. கத்தரிக்காயும் தக்காளியும் விலக்கப்பட்டன. நோய் மீண்டும் வந்தது. பின்னர் முட்டை, பால், உழுந்து, நிலக்கடலை என ஒவ்வொன்றாகப் பட்டியலில் ஏறின. ஏறியது எதுவும் இறங்கவில்லை. "பிள்ளை, உதைத் தொடாதை, கிரந்தி" என்ற அம்மம்மாவின் குரல் அவள் உண்ட ஒவ்வொரு வேளையிலும் ஒலித்தது. வீட்டில் எல்லோரும் ஒடியற்கூழைச் சுற்றியிருந்து குடிக்க, அவள் சோற்றையும் பயற்றங்கறியையும் தனியே உண்டாள். அம்மம்மாவின் அன்பில் ஐயமில்லை. ஆயினும் பத்தொன்பதாவது வயதில் அவளது உடல் மிக மெலிந்திருந்தது; கரப்பனோ மெலியவில்லை.

இந்நோயின் துன்பம் உடலோடு நிற்பதன்று. பாடசாலையில் அவளருகே அமரத் தயங்கியவர் உளர். அவளது சீப்பையும் துவாயையும் தொட அஞ்சியவர் உளர். கரப்பன் ஒட்டுநோயன்று; ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குப் பரவாது. இவ்வுண்மை மருத்துவ நூல்களில் இருக்கின்றதேயன்றி வகுப்பறை வாங்கில்களை எட்டவில்லை. கோடை வெயிலிலும் நீண்ட கைச்சட்டை அணிந்தாள்; அதனால் வியர்வை மிகுந்தது; வியர்வையால் அரிப்பு மிகுந்தது. கலியாணப் பேச்சு எழும்போது இதனை எங்ஙனம் சொல்வது என்று தாய் தந்தையர் தாழ்ந்த குரலிற் பேசியதும் அவள் காதில் விழுந்தது. பட்டியலை மீறி ஒரு துண்டு கத்தரிக்காயை உண்ட நாளிற் கரப்பன் பொங்கினால், அது அவளது குற்றமாகவே எண்ணப்பட்டது. நோயாளி குற்றவாளியாகும் நிலை இதுவே.

கிணற்றையும் வீட்டார் ஐயுற்றனர். அதற்குக் காரணம் இருந்தது. ஆறில்லாத யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புப் பாறையில் தேங்கும் நிலத்தடி நீரையே நம்பியுள்ளது. சுன்னாகத்து மின்நிலையச் சூழலிலுள்ள கிணறுகளில் எண்ணெய் கலந்தமை கடந்த தசாப்தத்திற் பெரும் பிரச்சினையாயிற்று. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அந்நிலையத்தை நடத்திய நிறுவனத்தை இரண்டு கோடி ரூபா செலுத்துமாறு பணித்தது. அக்காலத்தில் அவள் வீட்டிற் பவுசர் நீரே குளிக்கவும் குடிக்கவும் பயன்பட்டது. கரப்பன் குறையவில்லை; அது கிணற்று எண்ணெய்க்குப் பல ஆண்டுகள் முந்தியது. இனி, சுண்ணாம்பு நீரின் வன்மை பற்றியும் ஆராய்ச்சிகள் உள. நீர் வன்மையாக உள்ள பகுதிகளிற் சிறுவரிடையே கரப்பன் கூடுதலாகக் காணப்படுகின்றது என இங்கிலாந்தின் நொட்டிங்காமில் நிகழ்ந்த ஆய்வொன்று 1998இல் அறிவித்தது. எனினும் அந்நாட்டில் 336 சிறுவரைக் கொண்டு நிகழ்த்தி 2011இல் வெளியிடப்பட்ட சோதனையில், வன்னீரை மென்னீராக்கும் கருவி வீட்டிற் பொருத்தியதால் நோய் தணிந்ததாகக் காணப்படவில்லை. ஒன்றோடு ஒன்று சேர்ந்து காணப்படுவது வேறு, ஒன்றுக்கு ஒன்று காரணமாவது வேறு என்பதற்கு இது நல்ல சான்றாகும்.

அங்ஙனமாயின் நோய்முதல் யாது? தோலின் அரண் குறைவுபட்டிருத்தல் என்பது இன்றைய மருத்துவத்தின் விடைகளுள் முதன்மையானது. தோலின் மேற்படை ஈரத்தைக் காத்துப் புறப்பொருள்களைத் தடுக்கின்றது. அதற்கு வேண்டிய பிலக்ரின் என்னும் புரதத்தின் மரபணுவில் உள்ள குறைபாடு கரப்பனுக்கு ஏதுவாகின்றது என்பது 2006இற் கண்டறியப்பட்டது. மரபணுக் குறைபாடு எல்லா நோயாளரிடத்தும் இல்லை. ஆயினும் அரண் தளர்ந்திருத்தல் பொதுவாகக் காணப்படுவது. தளர்ந்த அரணின் வழியே ஈரம் வெளியேறுகின்றது. தூசும் சவர்க்காரமும் உள்நுழைந்து உறுத்துகின்றன. உணவும் சிலருக்குத் தூண்டுதலாகும். ஆனால் எல்லோருக்கும் ஒரே உணவு தூண்டுதலாவதில்லை. பலருக்கு எந்த உணவும் ஆவதில்லை.

இங்கு வேறொரு செய்தியும் கருதத்தக்கது. லண்டனிற் கடும் கரப்பனோ முட்டை ஒவ்வாமையோ உள்ள 640 குழந்தைகளிடம் நிகழ்த்திய ஆய்வின் முடிவு 2015இல் வெளிவந்தது. நிலக்கடலையை முற்றாக விலக்கி வளர்க்கப்பட்ட குழந்தைகளுள் நூற்றுக்கு ஏறக்குறைய 17 பேருக்கு ஐந்து வயதில் நிலக்கடலை ஒவ்வாமை ஏற்பட்டிருந்தது. சிறுவயது முதல் உண்டு வந்தோருள் அது நூற்றுக்கு 3 அளவே. அஞ்சி விலக்கியதே ஒவ்வாமைக்கு வழிவகுத்தது என்பது இதனாற் பெறப்படும். கண்மூடித்தனமாக நீளும் பட்டியல் பயனற்றது என்பதோடு தீங்கும் விளைக்கலாம்.

பல்கலைக்கழகம் புகுந்த ஆண்டில் அவள் இரு வைத்தியரை நாடினாள். யாழ்ப்பாணத்தில் இரு மருத்துவங்களும் தமிழிலேயே பேசி வந்தவை. சுன்னாகத்தை அடுத்த ஏழாலையைச் சேர்ந்த ஐ. பொன்னையாபிள்ளை பரராசசேகரம் என்னும் பழைய வைத்திய நூலைப் பதிப்பித்தார். மானிப்பாயிற் பணிபுரிந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் 1873இல் நாடு திரும்புமுன் மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். ஆகவே ஒன்றை நாடுவோர் மற்றொன்றைப் பகைக்க வேண்டியதில்லை.

அரச வைத்தியசாலையின் தோல்நோய் வைத்தியர் பட்டியலைப் படித்துவிட்டு, அதில் எதனை உண்டு எப்போது பொங்கியது என்று எழுதி வைத்ததுண்டா என வினவினார். எழுதி வைக்கப்படவில்லை. சித்த வைத்தியரோ வேறொன்றை வினவினார். "பத்தியம் எத்தனை நாளுக்கெண்டு சொன்னவை, பிள்ளை?" அதற்கும் விடையில்லை. மருந்துண்ணும் காலத்துக்குப் பத்தியமும், அது முடிந்தபின் சிறிது காலத்துக்கு மறுபத்தியமும், அதன்பின் வழக்கமான உணவும் என்பதே முறை என அவர் விளக்கினார். இருவர் கூற்றும் ஓரிடத்திற் சந்தித்தன. விலக்குதல் ஒரு சோதனை. சோதனைக்குக் கால எல்லை வேண்டும்.

அவள் ஓர் அப்பியாசக் கொப்பியை எடுத்தாள். உண்டது, உறங்கிய மணித்தியாலம், குளித்த முறை, அணிந்த துணி, அரிப்பின் அளவு என்பவற்றை நாடோறும் குறித்தாள். தோல்நோய் வைத்தியரின் கண்காணிப்பில், விலக்கிய உணவுகள் ஒவ்வொன்றாகத் திரும்ப வந்தன. ஒன்று வந்தபின் இரு வாரம் கழித்தே அடுத்தது. ஏழு மாதத்தின் முடிவிற் கொப்பி கூறியது இது: கத்தரிக்காய் குற்றமற்றது, முட்டை, பால், உழுந்து ஆகியனவும் குற்றமற்றன. இறால் உண்ட இருமுறையும் ஒரு மணித்தியாலத்துள் அரிப்பு எழுந்தது. ஆகவே அது நின்றுவிட்டது. ஒரு விடயத்தில் அம்மம்மா சொன்னது சரியே என்பதை அவள் அவரிடம் மகிழ்வோடு சொன்னாள்.

உணவைக் காட்டிலும் பெரிய காரணிகளையும் கொப்பி வெளிப்படுத்தியது. சோளகக் காற்று புழுதியை வாரி வீசும் மாதங்கள், பரீட்சைக்காகக் கண்விழித்த இரவுகள், வாசனைச் சவர்க்காரம், நைலோன் துணி ஆகியன பக்கத்துக்குப் பக்கம் நின்றன. குளியல் குறுகியது, சூடான நீர் நின்றது, நீரைத் துவாயால் ஒற்றி எடுத்து, ஈரம் உலருமுன் வாசனையற்ற களிம்பைப் பூசுவது வழக்கமாயிற்று. பருத்தித் துணியே உடையாயிற்று. நகம் ஒட்ட வெட்டப்பட்டது. ஸ்டீரொயிட் பூச்சுக்கு வீட்டார் அஞ்சி வந்தனர். அவளும் அஞ்சி, ஒளித்துப் பூசி, பாதியில் நிறுத்தி வந்தாள். 1952 முதற் பயன்பட்டு வரும் அவ்வகைப் பூச்சை, வைத்தியர் சொன்ன அளவிலும் நாளிலும் பூசி நிறுத்தியபோது அது உதவியது. அதற்கும் பத்தியத்தைப் போலவே எல்லை உண்டு.

கரப்பன் அவளை விட்டு நீங்கவில்லை. பரீட்சைக் காலத்தில் முழங்கை மடிப்பில் இன்றும் எட்டிப் பார்க்கின்றது. ஆயினும் அதன் வரவுக்குக் காரணம் தேடி அவள் தன் தட்டை முதலிற் குற்றஞ்சாட்டுவதில்லை. உடல் தேறியுள்ளது, அரைக்கைச் சட்டையோடு விரிவுரைக்கு வருகின்றாள். வீட்டில் இறால் சேராத கூழும் ஒரு சட்டியிற் காய்ச்சப்படுகின்றது.

முன்னோர் வகுத்த பத்தியத்தைப் பழித்தலும் முறையன்று. அதன் பட்டியலை மட்டும் பற்றிக்கொண்டு முறையை மறத்தலும் முறையன்று. இன்ன உணவு, இன்ன உடலுக்கு, இத்தனை நாள் என்று அளந்து வகுக்கப்பட்டதே பத்தியம். அளவும் காலமும் நீங்கியபின் அதில் எஞ்சுவது அச்சம் மட்டுமே. கரப்பனோடு வாழும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் விலக்கிய உணவுகளின் பட்டியல் இருக்குமாயின், அதன் அருகே ஒரு கொப்பியும் இருத்தல் வேண்டும்.