அத்தையின் சிந்து

கங்கைகொண்டானில் எங்கள் வீட்டு முற்றத்தில் அத்தை அரிசி புடைத்துக்கொண்டே காவடிச் சிந்து பாடுவாள். சுளகின் தட்டலே தாளம். முருகன்மேல் பாட்டுத்தான், ஆனால் அவள் விரும்பிப் பாடியதெல்லாம், தலைவன் வராமல் வாடுகிற பெண் தோழியிடம் முறையிடும் பாட்டுக்கள். பதினெட்டு வயதில் தாலியறுத்தவள்.

"உனக்கு எதுக்கு இந்தப் பாட்டு?" என்று அப்பா அதட்டினார்.

"சாமி பாட்டுத்தானே, அண்ணாச்சி!"

அப்பாவால் பதில் சொல்ல முடியவில்லை.

கழுகுமலை முருகனைப் பாடிய சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் 1891-ல் மறைந்தபோது அவருக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை. ஊற்றுமலை ஜமீன் அவரை ஆதரித்தது. பிறகு அந்த மெட்டைப் பாரதியார் எடுத்தார், சினிமாவும் எடுத்தது. நேப்பிள்ஸ் நகரத்தில் 1898-ல் பிறந்த 'ஓ ஸோலே மியோ' என்ற காதல் பாட்டு, 1960-ல் எல்விஸ் பிரஸ்லியின் குரலில் வேறு சொற்களோடு உலகம் சுற்றவில்லையா? மெட்டுக்கு ஊர் ஏது!

எனக்கு அதில் வருத்தமில்லை. சென்ற மார்கழியில் ஒரு சபாவில் கச்சேரியின் கடைசித் துக்கடாவாக அதே சிந்தைப் பாடினார்கள். நல்ல குரல், நல்ல விறுவிறுப்பு. சபை கைதட்டித் தாளம் போட்டது. நானும் போட்டேன். தோழியை அழைக்கும் இடம் வந்ததும் என் கை தானாக நின்றுவிட்டது. அங்கேதான் அத்தை சுளகை நிறுத்தி, வாசலை ஒரு தரம் பார்த்துவிட்டு, மேலே பாடுவாள். பாடகர் நிற்காமல் போய்விட்டார்.