கடைக் கணினியும் கணக்கெழுதுவோர் அச்சமும்

நமது தொழில் யாதென்று வினவுவோர்க்குக் கணினி பழுது பார்ப்பது என்று விடை பகர்வோம். உடனே அவர் தம் கைப்பேசியை எடுத்து நம்மிடம் நீட்டி, "தம்பி, இது ஏன் இப்படிச் சூடாகிறது?" என்பார். கலியாணப் பந்தியில் அமர்ந்திருக்கும் வைத்தியனிடம் கையை நீட்டி நாடி பார்க்கச் சொல்வது போன்ற வழக்கம் இது. இதனைக் குறையாகக் கூறினோமில்லை. கிள்ளானிலும் அதன் சுற்றுப்புறச் சிற்றூர்களிலும் மளிகைக் கடை, புடவைக் கடை, அச்சகம், லாரி வைத்து நடத்துவோர் காரியாலயம் எனப் பதினெட்டு ஆண்டுகளாக நாம் ஏறி இறங்காத படிகள் சிலவே. அங்ஙனம் ஏறி இறங்கியதில் கற்றதையும், ஒரு முறை பெரும்பிழை செய்து கற்றதையும் எடுத்துரைப்பது, சிறு முதலில் தொழில் நடத்தும் நம்மவர்க்கும் அவர்பால் வேலை செய்வோர்க்கும் பயன்படுமென்று கருதியே இதனை எழுதத் துணிந்தோம்.

முதலில் சில்லறை நோய்களைச் சொல்லி விடுவோம். "பிரிண்டர் செத்துப் போச்சு" என்று அழைப்பு வரும். போய்ப் பார்த்தால் அது சாகவில்லை. அச்சுக்கு அனுப்பிய தாள்கள் வரிசையாய்க் காத்திருக்க, முன்னால் நிற்கும் ஒன்று இடறி விழுந்து வழியை மறித்துக் கொண்டிருக்கும். கடைப் பிள்ளை அதனை அறியாது ஒரே பில்லை இருபது முறை அச்சடிக்கச் சொல்லியிருப்பான். வழியை மறித்ததை நீக்கிய மாத்திரத்தில் இருபது பில்களும் மழை போற் கொட்டும். முதலாளி அவனைப் பார்க்கும் பார்வையில் அவன் பாதியாகி விடுவான்.

மற்றொன்று: "பேங்க் பக்கம் திறக்கவில்லை" என்பர். இயந்திரத்தின் உள்ளே பொத்தானைப் போல் ஒரு சிறு மின்கலம் உண்டு. 2032 என்ற எண் பொறித்தது. சில வெள்ளிக்குக் கிடைப்பது. அது தீர்ந்து விட்டால், இரவில் சுவிட்சை அடைத்த பின் கணினி நாளையே மறந்து, காலையில் பல ஆண்டுகளுக்கு முந்திய ஒரு தேதியில் விழித்தெழும். வங்கியின் பக்கம் தான் மெய்யானதே என்று ஒரு சான்றிதழை நீட்டும். அச்சான்றிதழில் இன்ன நாள் முதல் இன்ன நாள் வரை செல்லுமென்று எழுதியிருக்கும். பழைய தேதியில் வாழும் இயந்திரமோ, "இது இன்னும் பிறவாத சான்றிதழ்" என்று கருதிக் கதவை அடைத்துக் கொள்ளும். கடைக்காரர் வங்கியை வைவார். பிழையோ அந்தப் பொத்தானில்.

இடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிள்ளான் பள்ளத்தாக்கில் பிற்பகல் இடி எத்தகையது என்பதை இங்குள்ளார்க்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை. மின்சாரச் செருகியைப் பிடுங்கி விட்டு, "எல்லாம் எடுத்தாச்சு" என்று நம்மவர் மன அமைதி கொள்வர். முன்னாளில் இணையம் செம்புக் கம்பி வழியே வந்தது; இடியும் அதே கம்பி வழியே உட்புகுந்து எத்தனையோ பெட்டிகளைச் சுட்டெரித்தது. இந்நாளில் கண்ணாடி இழை வந்து அத்தொல்லை பெரிதும் குறைந்தது. ஆயினும் கடைக்குள்ளே பெட்டிக்குப் பெட்டி ஓடுவது இன்னமும் செம்பே. ஆயுத பூசையன்று கணினிக்குச் சந்தனமும் குங்குமமும் அப்பும் அன்பர்களைப் பற்றியும் ஈண்டு எழுத ஆவல் உண்டு. காற்றுப் புகும் துளையை விட்டு விட்டு அப்புங்கள் என்ற அளவில் நிறுத்திக் கொள்வோம்.

இவற்றால் யாரும் கெட்டுப் போனதில்லை. கெட்டுப் போகும் நோய் வேறு. அது இயந்திரத்தில் பிறப்பதுமன்று.

நம் கடைக்காரர் பலர் விரும்பிக் கணினி வாங்கினாரல்லர். 2015 ஏப்ரல் 1-ஆம் நாள் நூற்றுக்கு ஆறு வீதம் பொருள் சேவை வரி வந்தது. ஆண்டு விற்பனை ஐந்து லட்சம் வெள்ளியைத் தாண்டியவர் பதிந்து கொள்ள வேண்டுமென்று சட்டம் கூறிற்று. அது வரை சிவப்பு அட்டைப் புத்தகத்தில் கணக்கெழுதியவர்கள் அவசரம் அவசரமாகப் பெட்டியும் கணக்கு நிரலும் வாங்கினர். 2018-இல் அவ்வரி போய்ப் பழைய விற்பனை சேவை வரி திரும்பிற்று; 2024 ஆகஸ்டு முதல் இ-இன்வாய்ஸ் என்னும் மின்னியல் விலைப்பட்டியல் படிப்படியாக வந்தது. ஒவ்வொரு முறையும் இயந்திரத்துக்குப் பணம் செலவாயிற்று. அதனைக் கையாள்வோரைப் பயிற்றுவதற்கு ஒரு காசும் செலவாகவில்லை. "ஓடுகிற வண்டியை ஏன் மாற்ற வேண்டும்?" என்பது முதலாளிமார் தத்துவம். 2017 மே 12-ஆம் நாள் வான்னக்ரை என்ற கிருமி உலகெங்கும் ஆஸ்பத்திரி முதல் ஆலை வரை கணினிகளைப் பூட்டியது. அந்தத் துளையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் இரு மாதத்துக்கு முன்பே, மார்ச்சில், வெளியிட்டிருந்தது. அதனை ஏற்றாது தள்ளி வைத்தவரே பெரும்பாலும் சிக்கினர். விண்டோஸ் பத்தாம் பதிப்புக்கு வழக்கமான திருத்தம் 2025 அக்டோபர் 14-உடன் நின்று விட்டது. இதனை நாம் சொல்லும் போதெல்லாம் நமக்குத் தேநீர் வருகிறதே அன்றி வேறொன்றும் நடப்பதில்லை.

நிற்க. நாம் சொல்ல வந்தது 2019-ஆம் ஆண்டில் நடந்தது.

மொத்தப் பலசரக்கு வியாபாரி ஒருவர். கடையில் மூன்று கணினிகள். பின்னறையில் கணக்கனைத்தையும் தாங்கும் பெட்டி ஒன்று. அதனோடு வெளி வட்டு ஒன்றைப் பொருத்தி, இரவுதோறும் பத்து மணிக்குக் கணக்கின் நகல் அதில் தானே எழுதிக் கொள்ளுமாறு நாம் ஏற்பாடு செய்திருந்தோம். "இனி நிம்மதியாக உறங்குங்கள், முதலாளி" என்று தேறுதலும் கூறி, மாதம் நூற்றைம்பது வெள்ளி பெற்று வந்தோம்.

அங்குக் கணக்கெழுதிய தங்கை, பக்கத்துச் செம்பனைத் தோட்டத்திலிருந்து பஸ்ஸில் வருபவள். வயது இருபத்தொன்று. அக்குடும்பத்தில் மரம் சீவாமலும் குலை சுமக்காமலும் மேசையருகே அமர்ந்து சம்பளம் வாங்கியவர்களில் அவளே முதல்வி. ஒரு நாட் காலை பத்து மணிக்கு, நிலுவைப் பட்டியல் என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. திறந்தாள். படிக்க வேண்டுமாயின் இங்கே அழுத்துக என்றது, அழுத்தினாள். பட்டியலைத் திறப்பதே அவள் வேலை. நாள்தோறும் முப்பது திறப்பவள் அன்று முப்பத்தொன்றாவதைத் திறந்தாள்.

சிறிது நேரத்தில் கோப்புகளின் பெயருக்குப் பின்னால் விளங்காத எழுத்துகள் வால் போல் முளைத்தன. அவள் கண்டாள், கண்டும் யாரிடமும் சொல்லவில்லை. திரையை அணைத்து விட்டு, கைநடுங்கப் பில் புத்தகங்களை அடுக்கிக் கொண்டிருந்தாள். அக்கிருமியோ ஒன்றன்பின் ஒன்றாகக் கோப்புகளைப் பூட்டிக் கொண்டே பின்னறைப் பெட்டிக்குச் சென்றது. மாலை மூன்று மணிக்கு முன்கடையில் பில் போட இயலாமற் போகவே நம்மை அழைத்தனர். ஐந்து மணி நேரம்! பத்து மணிக்கே கம்பியைப் பிடுங்கியிருந்தால் ஒரு கணினியோடு போயிருக்கும்.

நாம் பெருமையோடு வெளி வட்டைத் திறந்தோம். அந்தோ! அதுவும் பூட்டப்பட்டிருந்தது. இரவு பகலாகப் பெட்டியோடு ஒட்டியே இருக்கும் வட்டு, பெட்டிக்குள் புகுந்த கள்வனுக்கு மற்றோர் அறையே அன்றி வேறென்ன? நகல் எடுத்த பின் கழற்றி வைக்க வேண்டுமென்பது இத்தொழிலின் பால பாடம். அதனை நாம் அறிவோம். நாள்தோறும் கழற்றி மாட்ட அங்கு ஆளில்லை என்று சோம்பி, ஒட்டியே வைத்தோம்.

முதலாளி கொதித்தார். "நாளையிலிருந்து வராதே" என்றார் அப்பெண்ணை. ஏன் உடனே சொல்லவில்லை என்று நாம் தனியே கேட்டோம். "போன வருஷம் பிரிண்டர் உடைஞ்சதுக்குச் சம்பளத்துல ஐம்பது வெள்ளி பிடிச்சாங்க, அண்ணே. நீங்களும், தெரியாததைத் தொடாதேன்னு எத்தனை தடவை சொல்றதுன்னு எல்லார் முன்னாலயும் கேட்டீங்க," என்றாள். நாம் அதனை மறந்தே போயிருந்தோம்.

அன்று மாலை வட்டின் கதையை நாம் முதலாளியிடம் சொல்லவில்லை. சொல்ல நேரமில்லை என்று இப்போது எழுதினால் அது பொய். பழி ஓரிடத்தில் இறங்கி விட்டது. அது நம்மிடமில்லை என்ற ஆறுதல் நம் உள்ளத்தில் இருந்தது. அவள் அழுது கொண்டே பஸ் நிறுத்தத்துக்குப் போனதை நாம் பார்த்தோம். இரவு உறக்கமில்லை. நம் தந்தையாரும் தோட்டத்தில் மரம் சீவியவர். எவனோ கொட்டிய பாலுக்கு அவர் கூலி பிடிக்கப்பட்ட கதையைக் கேட்டு வளர்ந்தவர் நாம். அந்தக் கங்காணியின் இடத்தில் இப்போது நின்றது யார்?

மறுநாட் காலை சென்று, "கடிதத்தைத் திறந்தது அவள், நகல் போனது என்னால்" என்று சொன்னோம். முதலாளி நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ உன்னையும் வராதேன்னு சொல்லணுமா?" என்றார். "சொல்லலாம். ஆனால் பில் புத்தகம் எந்தக் கடைக்கு எது என்று அந்தப் பெண்ணுக்கே தெரியும், அவளை முதலில் அழையுங்கள்" என்றோம்.

பூட்டியவர்கள் கேட்ட பணத்தைக் கொடுக்க வேண்டாமென்று தடுத்தோம். கொடுத்தால் திறப்பார்கள் என்பதற்கு எந்தப் பிணையுமில்லை. முதலாளி போலீசில் புகார் எழுதினார். தணிக்கையாளரிடம் ஏழு வாரத்துக்கு முந்திய கணக்கு நகல் ஒன்று இருந்தது. மிஞ்சிய ஏழு வாரத்தையும் கார்பன் தாள் பில்களிலிருந்து மீண்டும் ஏற்றினோம். பதினோரு இரவுகள். முதலாளியம்மா எண்களை வாசிக்க, அத்தங்கை தட்டச்சுச் செய்ய, நாம் சரிபார்த்தோம். முதலாளி ரொட்டி சானாய் வாங்கி வந்தார். வேலை முடிய நள்ளிரவானால் அம்மாவே அவளைக் காரில் தோட்டத்துக்குக் கொண்டு போய் விட்டார். சில பில்கள் அகப்படவே இல்லை; அந்தக் கடன்கள் போனவை போனவையே. இரண்டு மாதக் கூலியை நாம் வாங்கவில்லை, அவரும் நீட்டவில்லை.

இப்போது அக்கடையில் இரண்டு வட்டுகள். ஒன்று மாட்டியிருக்கும் நாளில் மற்றது கடைக்கு வெளியே இருக்கும். மாலையில் மாற்றி எடுத்துப் போவது முதலாளியம்மா. மூன்று மாதத்துக்கொரு முறை நகலிலிருந்து ஒரு கணக்கைத் திறந்து பார்க்கிறோம். திறந்து பாராத நகலை நம்பி உறங்கச் சொன்ன வாய் இது. அத்தங்கைக்குக் கம்பியைப் பிடுங்கக் கற்றுக் கொடுத்தோம். சந்தேகம் வந்தால் யாரையும் கேளாமற் பிடுங்கலாம். வீணாகப் பிடுங்கினாலும் ஒருவரும் கேட்கக் கூடாதென்று முதலாளியின் வாயாலேயே சொல்லச் செய்தோம். அதன் பின் மூன்று முறை பிடுங்கினாள். இரண்டு முறை வீண். ஒரு முறை வீணன்று.

பில் மேசையில் நூல் கட்டித் தொங்கும் சிறு நோட்டுப் புத்தகம் ஒன்றுண்டு. யார் எதனைத் தவறாக அழுத்தினாலும் தேதியிட்டு அதில் எழுத வேண்டும். எழுதியதற்காகச் சம்பளம் பிடிப்பதில்லை. முதல் ஆண்டில் அவள் ஒருத்தி கையெழுத்தே அதில் இருந்தது. சென்ற மாதம் நாம் புரட்டிய போது, பெரிய கோணல் எழுத்தில், "போனில் வந்த பார்சல் செய்தியைத் தெரியாமல் அமுக்கி விட்டேன். தங்கச்சியிடம் உடனே சொன்னேன்" என்று கண்டிருந்தது. கீழே முதலாளியின் கையொப்பம்.