அரசர் போனார், நிலமே இருக்கிறார்

கண்டி,
எசல பெரஹரா நாட்கள்.

அன்புள்ள நண்பனுக்கு,

நேற்றிரவு ரந்தோலி பெரஹரா பார்த்தேன். ஊர்வலத்தின் யானைகளைப் பற்றி எழுதாதவர் கிடையாது. எனக்கோ மாளிகை யானைக்குப் பின்னால் நடந்து வந்த ஒருவரின் பதவியைப் பற்றித்தான் உனக்குச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது. அதன் கதையில் நம் ஊர்ப் பக்கத்துக்கும் பங்கு உண்டு.

முதலில் சாட்டை வீசுவோர் வருகிறார்கள். அடுத்து நெருப்புப் பந்து சுழற்றுவோர், கொடி பிடிப்போர். முதல் யானையின் மேல் ஓலைச்சுவடி ஏந்திய பெரமுனே ரால. பின்னர் அரசரின் யானைக் கொட்டாரத்துக்குத் தலைவராக இருந்தவரின் வழியில் வரும் கஜநாயக்க நிலமே, வெள்ளி அங்குசத்தோடு. முரசும் கண்டி நடனமும் வீதியை நிறைக்கின்றன. கொப்பரைத் தீவட்டி வெளிச்சத்தில், புத்தரின் புனிதப் பல்லான தந்ததாதுவின் பேழைக்கு நேர்ப்படியைச் சுமந்து மாளிகை யானை வருகிறது. உண்மையான தந்ததாது மாளிகையை விட்டு வெளியே வருவதில்லை. யானையின் கால் மண்ணில் படாதபடி முன்னால் நடைபாவாடை விரித்துக்கொண்டே போகிறார்கள். அதற்குப் பின்னால், இடுப்பில் பல சுற்றாகக் கட்டிய துணியும் பொன்னிழை வேய்ந்த நாற்கோணத் தொப்பியுமாக, பரிவாரம் சூழக் கால்நடையாக வருகிறார் தியவதன நிலமே. நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி தேவாலய ஊர்வலங்கள் அவருக்குப் பிறகுதான். அந்தப் பத்தினி நம் கண்ணகி.

இன்று தியவதன நிலமே என்றால் தந்ததாது இருக்கும் கோயிலான தலதா மாளிகையின் தலைமைப் பொறுப்பாளர். துறவு பூணாத இல்லறத்தார். மல்வத்தை, அஸ்கிரிய மகாநாயக்க தேரர் இருவரோடு தந்ததாதுவின் மூன்றாவது காப்பாளர் அவரே. ஆனால் இந்தப் பதவி பிறந்தது கோயிலில் இல்லை, அரசரின் அந்தரங்க வீட்டில். கண்டி அரண்மனையில் ஒவ்வொரு பணிக்கும் நிலமே எனப்படும் ஓர் அலுவலர் இருந்தார். உணவுக்கு பத்வதன நிலமே, ஆடைக்கு ஹலுவதன நிலமே, யானைகளுக்கு கஜநாயக்க நிலமே. அரசரின் நீராட்டுக்குப் பொறுப்பானவர் தியவதன நிலமே. நாட்டை ஆள உதவிய மகா அதிகாரம், திசாவை போன்றோர் இவர்களுக்கு மேலே இருந்தார்கள். அந்த வரிசையில் வைத்துப் பார்த்தால் இது ஒரு பணிவிடைப் பதவிதான்.

நீராட்டுக்காரர் எப்படி மாளிகைக்கே தலைவரானார்? அதற்குத் தந்ததாது இந்தத் தீவில் என்னவாக இருந்தது என்று தெரிய வேண்டும். 4ஆம் நூற்றாண்டில் கலிங்கத்திலிருந்து இளவரசி ஹேமமாலா அதைத் தன் கூந்தலில் மறைத்துக் கொண்டுவந்தாள் என்பது மரபு. அனுராதபுரம், பொலன்னறுவை, யாப்பகூவ, கோட்டை என்று தலைநகர் மாறும்போதெல்லாம் தந்ததாதுவும் கூடவே போயிற்று. அதை வைத்திருப்பவருக்கே ஆளும் உரிமை என்று மக்கள் நம்பினார்கள். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மாறவர்மன் குலசேகர பாண்டியனின் படை யாப்பகூவவிலிருந்து அதைப் பாண்டிய நாட்டுக்கே எடுத்து வந்துவிட்டது. மூன்றாம் பராக்கிரமபாகு தானே பாண்டியனிடம் வந்து பேசி மீட்டுப் போனான் என்கிறது சூளவம்சம். நம் மதுரைப் பக்கத்து மண்ணிலும் அது சில காலம் இருந்திருக்கிறது என்பதை இங்கே நின்று நினைத்துப் பார்க்கும்போது மெய் சிலிர்க்கிறது.

ஆக, தந்ததாது வெறும் வழிபாட்டுப் பொருளாக இருக்கவில்லை. அது அரசருக்கும் அரசர். மாளிகைக்குள் தினமும் மூன்று வேளை நடக்கும் தேவாவ வழிபாட்டைக் கவனித்தால் இது விளங்கும். முகம் கழுவ நீர், துடைக்கத் துணி, விசிறி, சாமரம், அமுது, வெற்றிலை எல்லாம் முறைப்படி வருகின்றன. நம் கோயில்களில் சாமிக்கு நடக்கும் ராஜோபசாரத்தைப் போலவேதான். புதன்கிழமைதோறும் வாசனை மூலிகை நீரால் அடையாள நீராட்டு நடக்கிறது. அந்த நீரை நோய் தீர்க்கும் மருந்தாக மக்கள் வாங்கிப் போகிறார்கள். வறட்சிக் காலத்தில் தந்ததாதுவை வெளியே காட்டினால் மழை வரும் என்ற நம்பிக்கையும் பழையது. தண்ணீரோடு இவ்வளவு பின்னிய வழிபாட்டில் தண்ணீருக்குப் பொறுப்பான அலுவலர் முக்கியமானது இயல்பே.

இந்த அமைப்புக்கு இன்றைய உருவம் கொடுத்தவர்கள் கண்டியின் நாயக்க மன்னர்கள். 1739இல் நரேந்திரசிங்கன் வாரிசின்றி இறக்க, மதுரையிலிருந்து வந்த அவனுடைய அரசியின் தம்பி ஸ்ரீ விஜய ராஜசிங்கன் பட்டத்துக்கு வந்தான். அடுத்து ஆண்ட கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் (1747–1782) சைவக் குடும்பத்தில் பிறந்தவன். ஆனால் இலங்கைப் பௌத்தத்துக்கு அவன் செய்ததைச் சிங்கள மரபு நன்றியோடு நினைவில் வைத்திருக்கிறது. அற்றுப்போயிருந்த துறவுத் தீட்சையை மீட்க சயாமிலிருந்து உபாலி தேரரை வரவழைத்தான். 1753இல் கண்டியில் அந்தத் தீட்சை மீண்டும் தொடங்கியது. அதுவரை தேவர்களுக்கு மட்டும் நடந்துவந்த எசல ஊர்வலத்தில் தந்ததாது முதலிடம் பெற்றதும் அவன் காலத்தில்தான்.

பிறகு 1815 வந்தது. கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் பிப்ரவரி 18 அன்று மெதமகாநுவர அருகே பிடிபட்டான். மார்ச் 2 அன்று மகுல் மடுவ என்ற மரத்தூண் மண்டபத்தில் கண்டிப் பிரதானிகளும் பிரித்தானியரும் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். அந்த மண்டபம் இன்றும் மாளிகையை ஒட்டி நிற்கிறது. உடன்படிக்கையின் ஐந்தாவது விதி பௌத்தமும் அதன் சடங்குகளும் பணியாளரும் தலங்களும் காக்கப்படும் என்று உறுதி தந்தது. அரசன் உன் ஊரான வேலூருக்கு அனுப்பப்பட்டு, 1832 ஜனவரி 30 அன்று அங்கேயே இறந்தான்.

அரசன் போய்விட்டான், ஆனால் அரசருக்கு மேலான அந்த அரசர் மாளிகையிலேயே இருந்தார். அவருக்கு மூன்று வேளை உபசாரம் நடந்தாக வேண்டும். இதனால்தான் அரண்மனையின் மற்ற பதவிகள் பொருளிழந்தபோதும் தியவதன நிலமே பதவி பொருளிழக்கவில்லை. பிரித்தானியருக்கு எதிரான 1818 ஊவா கிளர்ச்சியின்போது தந்ததாதுவை இரகசியமாக எடுத்துப் போனார்கள். அது மறுபடி பிரித்தானியர் கைக்கு வந்ததும், நாடு அவர்களுடையதுதான் என்று மக்கள் மனம் தளர்ந்தார்கள். ஆனால் கிறிஸ்தவ அரசு பௌத்தச் சின்னத்தைக் காப்பதா என்ற எதிர்ப்பு இங்கிலாந்தில் வலுத்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அரசு காவல் பொறுப்பைக் கைவிட்டு, இரு மகாநாயக்கர்களிடமும் தியவதன நிலமேயிடமும் ஒப்படைத்தது. ஒரு காலத்தில் அரசருக்கு நீர் வார்த்த பதவி, அரசர் செய்துவந்த காவலையே ஏற்றுக்கொண்டது.

இதைத் தாங்கி நிற்பது நம்பிக்கை மட்டும் என்று நினைத்துவிடாதே, நண்பா. முரசு அறைபவர், நடனமாடுபவர், தீவட்டி பிடிப்பவர், நடைபாவாடை விரிப்பவர் ஒவ்வொருவருக்கும் பின்னால் ஒரு குடும்பமும் ஒரு துண்டு நிலமும் உண்டு. ஊழியத்துக்கு ஈடாகக் கோயில் நிலத்தை உழுது உண்ணும் முறை அது. அரசுக்குச் செய்ய வேண்டிய கட்டாய ஊழியமான ராஜகாரியத்தை 1832இல் பிரித்தானியர் ஒழித்தார்கள். ஆனால் விகாரை, தேவாலய நிலங்களுக்கு விலக்கு இருந்தது. 1870இல் வந்த சட்டம், ஊழியத்துக்குப் பதில் பணம் கட்டும் வழியைத் திறந்துவிட்டது. அப்படியிருந்தும் பெரஹரா வீதியில் இன்றும் பரம்பரைக் குடும்பங்கள் வருகின்றன. அந்த முறையில் சாதி இருந்தது, சுமை இருந்தது. மின்விளக்கு தைத்த யானைத்துணியின் அழகில் அதை மறப்பது நியாயமாகாது.

இன்னொரு மாற்றம் 1931இன் பௌத்த தேவாலயச் சொத்துச் சட்டத்தோடு உறுதிப்பட்டது. தியவதன நிலமேயை இப்போது எந்த அரசரும் ஆளுநரும் நியமிப்பதில்லை. மகாநாயக்கர்கள், தேவாலயங்களின் பஸ்நாயக்க நிலமேமார், விகாரைப் பொறுப்பாளர்கள், கண்டிப் பகுதிகளின் பௌத்தப் பிரதேச அலுவலர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். பதவிக்காலம் 10 ஆண்டு. வாக்காளர் வட்டம் சிறியது. கண்டிப் பிரபுக் குடும்பங்களின் செல்வாக்கு அதில் பெரியது. இருந்தும், அரசரின் விருப்பத்தால் வந்துபோன பதவி சட்டத்துக்குக் கட்டுப்பட்டதாக, கணக்குக் காட்ட வேண்டியதாக மாறியிருக்கிறது.

இந்த மாளிகை இரத்தமும் கண்டிருக்கிறது. 1998 ஜனவரி 25 அன்று வாசலில் வெடித்த லாரிக் குண்டு உயிர்களைப் பறித்தது, கட்டடத்தைச் சிதைத்தது. தமிழராகிய நாம் அதை மனவேதனையோடுதான் நினைக்க முடியும். நாயக்க மன்னர்கள் தங்கள் உயிராகப் போற்றிக் காத்த இடம் இது.

பெரஹராவைப் பார்த்தபோது எனக்கு உறுதியாகத் தோன்றியது இதுதான். வாளும் முடியும் ஏந்திய பதவிகள் 1815க்குப் பின் ஒவ்வொன்றாக மறைந்தன. தண்ணீர்க் குடத்தோடு தொடங்கிய பதவியோ நிலைத்துவிட்டது. அது ஒரு மனிதரின் அதிகாரத்தைச் சார்ந்திருக்காமல் தினமும் செய்தாக வேண்டிய ஒரு பணியைச் சார்ந்திருந்தது, அதுதான் காரணம்.

வேலூர்ப் பாலாற்றங்கரை முத்து மண்டபத்தை நீ பலமுறை கடந்து போயிருப்பாய். ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் சமாதி அங்கேதான் இருக்கிறது. அடுத்த முறை நின்று உள்ளே போய்ப் பார், பிள்ளைகளையும் அழைத்துப் போய் அந்த அரசன் யாரென்று சொல். வருகிற எசல மாதத்தில் குடும்பத்தோடு கண்டிக்கு வா. தங்குவதற்கு இடம் முன்கூட்டியே சொல்லி வைத்துக்கொள், பெரஹரா நாட்களில் ஊரில் அறை கிடைப்பது கடினம்.

அன்புடன்,
உன் நண்பன்