நாளுக்கு ஒரு வரி



ஆர்வத்தோடு தொடங்கிய ஒரு காரியத்தை, பலன் கண்ணுக்குத் தெரியவில்லையே என்று பாதியில் விட்டுவிட்டதுண்டா? நானும் அவ்வாறு விட இருந்தவள்தான்.

என் உம்மாவின் தகப்பனார் கொழும்பில் வணிகம் செய்தவர். உம்மாவுக்கு 4 வயதாக இருக்கும்போதே மறைந்துவிட்டார். அவர் ஊருக்கு எழுதிய 27 கடிதங்களை உம்மம்மா ஒரு தகரப் பெட்டியில் பாதுகாத்து வந்தார். அவை யாவும் அரபுத்தமிழில் எழுதப்பட்டவை. மொழி தமிழ், எழுத்து அரபி. ட, ள, ழ போன்ற, அரபியில் இல்லாத ஒலிகளுக்காக அரபி எழுத்துகளில் புள்ளிகளும் குறிகளும் சேர்த்து நம் முன்னோர் அமைத்துக்கொண்ட முறை அது. பள்ளிக்கூட வாசலை மிதியாத நம் பாட்டிமார் பலர், ஓதுவதற்காகக் கற்ற எழுத்தைக் கொண்டே கடிதம் படித்தனர், எழுதினர். பள்ளியில் தமிழ் கற்ற பின்தலைமுறையினர் பலருக்கு அது கைநழுவிப் போயிற்று.

சென்ற ஆண்டு, 80 வயதை நெருங்கிய உம்மா, "வாப்பா என்னைப் பற்றி ஏதாவது எழுதியிருக்கிறாரா? பார்த்துச் சொல்லு மகளே" என்றார்.

எனக்கு ஓதத் தெரியும், தமிழும் தெரியும். ஒரே வாரத்தில் படித்துவிடலாம் என்று எண்ணினேன். ஆனால் மை மங்கியிருந்தது. உயிர்க்குறிகள் பல இடங்களில் விடுபட்டிருந்தன. ஒரு சொல் 'கடை'யா, 'குடை'யா என்று புரியாமல் ஒரு மாலைப்பொழுதே கழிந்தது. நாளுக்கு ஒரு வரி என்று குறிப்பேட்டில் எழுதி வந்தேன். முதல் கடிதத்திற்கு மட்டும் 19 நாட்களாயின. மூன்று மாதங்கள் கடந்தும் முடிந்தவை நான்கே. உம்மாவின் வயதை நினைத்து அஞ்சினேன். 'இது என்னால் ஆகாது' என்று பெட்டியை மூடினேன்.

குறிப்பேட்டையும் எடுத்து வைக்கப் போனபோது, அதன் முதல் பக்கம் கண்ணில் பட்டது. எங்கும் அடித்தல் திருத்தல், கேள்விக் குறிகள்! அந்தக் கடிதத்தை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். 19 நாட்கள் என்னை அலைக்கழித்த அதே கடிதத்தை, அடுப்பில் உலை கொதிப்பதற்குள் படித்து முடித்தேன். அதுவரை மீதமுள்ள கடிதங்களையே எண்ணிக் கொண்டிருந்த நான், என் கண்ணும் அறிவும் பழகி வந்ததைக் கவனிக்கவே இல்லை.

மறுநாள் பெட்டியைத் திறந்தேன். ஒன்பதாம் மாதத்தில், 17ஆவது கடிதத்தில் அந்த வரி கிடைத்தது. மகளுக்குப் பல் முளைத்துவிட்டதா என்று கேட்டு, அவளுக்குச் சட்டைத் துணி வாங்கி வைத்திருப்பதாக எழுதியிருந்தார். உம்மா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "இன்னொரு தடவை படி" என்றார்.

சகோதரிகளே, நீங்கள் தையல் கற்கலாம். விட்ட படிப்பைத் தொடரலாம். உங்கள் முதல் நாள் முயற்சியை, அது எவ்வளவு கோணலாக இருந்தாலும், எறிந்துவிடாதீர்கள். தேதியிட்டு எடுத்து வையுங்கள். மனம் தளரும் நாளில் அதை எடுத்துப் பாருங்கள்.

இன்னும் பத்துக் கடிதங்கள் மீதமிருக்கின்றன. இன்ஷா அல்லாஹ், இன்றும் ஒரு வரி படிப்பேன்.