இறக்கிய சுமையும் இறக்காத சுமையும்

மலையடிவாரத்தில் வாழ்வோர்க்கு எடை என்பது வெறும் ஏட்டுச் சொல் அன்று. கம்பம் பள்ளத்தாக்கில் வாழைத்தாரும் ஏலக்காய் மூட்டையும் விறகுக்கட்டும் மனிதர் தோள்களில் ஏறி இறங்குவதை நாள்தோறும் காண்கிறோம். எனினும் ஒரு கிலோவின் உண்மையான கனத்தை நாம் உணர்ந்தது நம் 55ஆம் வயதில்தான். அதையும் ஒரு சைக்கிளே உணர்த்திற்று.

அது நம் தம்பியின் சைக்கிள். போடிமெட்டு வரை மிதித்தே ஏறிவிட வேண்டும் என்னும் ஆசையில் வாங்கினான். இரும்புச் சட்டம், சுருள்வில் வைத்த முன் ஃபோர்க், தடித்த டயர்கள் கொண்ட மலைச் சைக்கிள். ஆனால் மலைச்சாலை தொடங்கும் முந்தலை அது ஒருநாளும் தாண்டவில்லை. "அடுத்த மாசம் ஏறிடுவேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தவனை மாரடைப்பு கொண்டு போயிற்று. முதலாண்டு நினைவுத் திருப்பலி முடிந்த மாலையில், அவன் மனைவி அதைத் துடைத்து நம்முன் நிறுத்தி, "நீங்களாச்சும் ஒரு தடவ மேல கொண்டு போயிட்டு வாங்க, சாமி" என்றார்.

போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறத்தாழ 25 கிலோமீட்டர். 17 கொண்டை ஊசி வளைவுகள். ஏற வேண்டிய உயரம் ஏறத்தாழ 1,000 மீட்டர். முதல் முயற்சியில் மூன்றாம் வளைவிலேயே மூச்சு முட்டியது. இறங்கி வந்து, ஏலக்காய் வணிகர் ஒருவரின் தராசில் சைக்கிளை ஏற்றினோம். முள் 16.5 கிலோவைக் காட்டிற்று. குறைக்க வேண்டும் என்று அன்றே முடிவு செய்தோம்.

முதலில் காசு செலவில்லாத வழியைத் தேடினோம். பக்க ஸ்டாண்டு, மட்கார்டுகள், சங்கிலிப் பூட்டு ஆகியவற்றைக் கழற்றியதிலேயே ஒரு கிலோ இறங்கிற்று. அடுத்தது ஃபோர்க். கல்லும் குழியுமான காட்டுப் பாதைக்கு அது வேண்டும். தார்ச்சாலை ஏற்றத்திலோ, ஒவ்வொரு மிதிக்கும் அமுங்கி எழுந்து நம் உழைப்பில் ஒரு பங்கை விழுங்கும். அதன் எடை 2.6 கிலோ. வில் இல்லாத ஃபோர்க் 1.1 கிலோவே. உயரம் மாறினால் கைப்பிடியின் நிதானமே மாறிவிடும் என்பதால், பழையதன் உயரத்துக்கு ஒத்ததாகப் பார்த்து மாட்டச் செய்தோம். இரும்பு ஹேண்டில்பாரும் சீட்டைத் தாங்கும் குழாயும் அலுமினியமாயின. இரும்பின் அடர்த்தியில் மூன்றில் ஒரு பங்கே அலுமினியத்துக்கு உண்டு. ஆனால் வலிமையும் குறைவாதலால் குழாயைத் தடிப்பாகச் செய்கிறார்கள். எனவே எடை மூன்றில் ஒன்றாகிவிடுவதில்லை, ஏறத்தாழ பாதியாகும். அவ்வகையில் 450 கிராம்.

டயரில்தான் நம் பேராசை வெளிப்பட்டது. சக்கரத்தின் விளிம்பில் உள்ள எடை, நின்று கிளம்பும்போதும் வேகம் கூட்டும்போதும் ஏறத்தாழ இருமடங்காய் இழுக்கும் என்று படித்திருந்தோம். சீராக ஏறும்போது எல்லா எடையும் ஒரே கணக்குதான் என்பதைக் கவனியாமல் விட்டோம். கம்பிக்குப் பதில் இழை வைத்த மெல்லிய டயர்களைப் போட்டு அரைக் கிலோ குறைத்தோம். மறுவாரமே, மாந்தோப்பு ஓரம் சீமைக்கருவேல முள் பின் டயரில் பாய்ந்தது. நான்கு நாளில் மூன்று முறை. பஞ்சர் கடைக்காரர் சிரித்தபடி, "எடை குறஞ்சிருச்சு சாமி, வேலை கூடிருச்சு" என்றார். பின் டயரை மட்டும் சற்றுத் தடித்ததாக மாற்றினோம். 150 கிராம் திரும்ப ஏறிற்று.

பல்சக்கரங்களில் சிறியதையும் கழற்றிவிடலாம், பிரேக்கையும் மெலிந்ததாக மாற்றலாம் என்று சிலர் யோசனை சொன்னார்கள். இரண்டையும் மறுத்தோம். சில பத்துக் கிராம் உள்ள அந்தச் சிறு சக்கரமே வயதான முழங்காலைக் காப்பது. பிரேக்கின் அருமைக்கோ இந்த விளையாட்டின் வரலாறே சான்று. 1976ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் மாரின் பகுதியில், இளைஞர்கள் பழைய கனத்த சைக்கிள்களில் மலைச்சரிவில் பந்தயம் விட்டார்கள். ஒரே இறக்கத்தில் பின்சக்கர பிரேக்கின் கிரீஸ் சூட்டில் புகைந்து போகும். மீண்டும் அடைத்தாக வேண்டும். 'மீண்டும் அடைத்தல்' என்னும் பொருளில் 'ரீபேக்' என்பதே அப்பந்தயத்தின் பெயராயிற்று. எடை குறைப்பதற்கும் ஓர் எல்லை உண்டு என்பதை உலகம் ஏற்றிருக்கிறது. சாலைப் பந்தயச் சைக்கிள் 6.8 கிலோவுக்குக் குறையலாகாது என்று சர்வதேச சைக்கிள் சம்மேளனம் 2000ஆம் ஆண்டு முதல் விதித்துள்ளது.

இறுதியில் தராசு 13.2 கிலோ காட்டிற்று. மகிழ்ச்சியோடு தாளில் கணக்குப் போட்டோம். நம் உடல் 74 கிலோ. தண்ணீரும் கருவிகளும் 3 கிலோ. பழைய சைக்கிள் 16.5. ஆக 93.5 கிலோவில் குறைந்தது 3.3, நூற்றுக்கு மூன்றரை. மூன்று மணி நேர ஏற்றத்தில் மிஞ்சுவது ஏறத்தாழ ஆறு நிமிடம்! இதே 3 கிலோவை இரவு உணவில் குறைத்திருந்தால் ஒரு காசும் செலவாகியிராது.

அதைவிடக் கனத்த ஒன்று காத்திருந்தது. மாற்றிய சைக்கிளைத் தம்பி மனைவியிடம் காட்டச் சென்றோம். நெடுநேரம் பார்த்தவர், "அவரு தொட்டதுன்னு இதுல என்ன சாமி மிச்சம் இருக்கு?" என்றார். குருமடத்து மெய்யியல் வகுப்பில், புளூட்டார்க் எழுதிய தீசியஸின் கப்பலைப் பற்றி மணிக்கணக்கில் வாதிட்டிருக்கிறோம். பலகைகள் யாவும் மாறியபின் அது அதே கப்பல்தானா என்பது கேள்வி. அன்று நமக்கு விடை எளிதாய் வந்தது. இன்று வாசற்படியில் நின்ற அந்தப் பெண்ணுக்குச் சொல்ல ஒரு சொல்லும் வரவில்லை. சட்டத்தையும் சீட்டையும் காட்டினோம். பஞ்சு வைத்த அந்தப் பெரிய சீட்டைத்தான் மறுநாள் மாற்றுவதாய் இருந்தோம். 300 கிராம் குறைந்திருக்கும். மாற்றவில்லை.

மார்கழியின் ஒரு விடியலில் முந்தலைத் தாண்டினோம். இரண்டு இடங்களில் இறங்கித் தள்ளினோம். தோட்ட வேலைக்குச் செல்லும் பெண்களோடு ஜீப்புகள் நம்மைக் கடந்து சென்றன. ஒன்றிலிருந்து "மெதுவா வாங்க சாமி" என்று குரல் வந்தது. போடிமெட்டை அடைந்தபோது மூன்று மணி பத்து நிமிடம் ஆகியிருந்தது. கீழே பள்ளத்தாக்கு பனிக்குள் கிடந்தது. சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, நாம் மிச்சம் பிடித்த ஆறு நிமிடத்தையும் தம்பிக்காகச் செபிப்பதில் செலவிட்டோம்.

இறங்கும்போது ரிம் சூடேறாதிருக்க ஒவ்வொரு சில வளைவுக்கும் நின்று வந்தோம். கழற்றிய பழைய பாகங்கள் அவன் வீட்டுப் பரணில், ஒரு சாக்கில் இருக்கின்றன. கொடுத்துவிடலாமா என்று யாரும் கேட்கவில்லை, நாமும் கேட்கவில்லை.