மேல்காதில் ஒரு துளை

எங்கள் மதரஸாவில் ஃபிக்ஹு வகுப்பு முடிந்ததும் மாணவியரிடம் கேள்விச் சீட்டுகளைப் பெற்றுக்கொள்வது வழக்கம். பெயர் எழுத வேண்டியதில்லை. ஆகவே வெட்கமின்றிக் கேட்பார்கள். கடந்த ஓராண்டாக ஒரே கேள்வி வெவ்வேறு கையெழுத்துகளில் வந்துகொண்டிருக்கிறது. காதின் மேல்மடலில், குருத்தெலும்பில், குத்திக்கொள்வது கூடுமா?

பிள்ளைகள் இதனைப் புதுப் பாணி என்று எண்ணுகிறார்கள். என் நன்னிமாவின் காதுகளைப் பார்த்திருந்தால் அப்படி எண்ணமாட்டார்கள். மேல்மடலின் விளிம்பு நெடுக அலுக்கத்து வளையங்கள் வரிசையாகத் தொங்கும். அவர் தலையசைத்துப் பேசும்போது அவையும் அசையும். மதுரையைச் சுற்றியுள்ள கிராமங்களில் மற்றச் சமுதாயத்து மூதாட்டியரும் கீழ்மடலில் தண்டட்டியும் மேல்மடலில் கொப்பும் முருகும் அணிந்திருந்தார்கள். அந்தப் பழைய காதுகளில் சில மடங்கியும் கோணியும் இருந்ததை நான் கண்டதுண்டு. அதன் காரணத்தை ஒருவரும் பேசியதில்லை.

மார்க்கத்தின் பக்கத்தை முதலில் கூறிவிடுகிறேன். ஒரு பெருநாளன்று நபி (ஸல்) அவர்கள் தருமத்தை வலியுறுத்தியபோது பெண்கள் தங்கள் காதணிகளைக் கழற்றிப் பிலால் (ரலி) அவர்களின் துணியில் இட்ட செய்தியை இப்னு அப்பாஸ் (ரலி) வாயிலாகப் புகாரி இமாம் பதிவு செய்துள்ளார். அந்தப் பெண்கள் காது குத்தியிருந்தார்கள், அது கண்டிக்கப்படவில்லை. பெண்களுக்குக் காது குத்துவதைப் பெரும்பாலான அறிஞர்கள் அனுமதித்ததற்கு இதுவே முதன்மையான சான்று. மாறாக, இமாம் கஸ்ஸாலி அவர்கள் ‘இஹ்யா’வில், தங்க வளையம் தொங்கவிடுவதற்காகச் சிறுமியின் காதைத் துளைப்பதற்குத் தாம் சலுகை காணவில்லை என்ற கருத்தைத் தெரிவித்திருக்கிறார். துளைப்பது வேதனை தரும் காயம் என்பதே அவர் காட்டிய காரணம். நான் பெரும்பான்மையினரின் கருத்தையே பின்பற்றுகிறேன். ஆயினும் இமாமின் பார்வை நகையின் மீது நிற்காமல் காயத்தின் மீது நின்றதை மாணவியருக்குத் தவறாமல் எடுத்துக்காட்டுகிறேன். மேல்மடலைப் பொறுத்தவரை கேள்வியே காயத்தைப் பற்றியதுதான்.

கீழ்மடல் சதையும் கொழுப்பும் நிறைந்தது. இரத்த ஓட்டம் மிகுந்தது. அங்கே குத்தினால் ஆறு முதல் எட்டு வாரங்களில் ஆறிவிடும். குருத்தெலும்புக்குத் தனக்கென்று இரத்தக் குழாய் கிடையாது. அதன்மேல் போர்த்தியுள்ள மெல்லிய உறையிலிருந்தே அதற்கு ஊட்டம் கசிந்து வருகிறது. சீழ் கோத்து அந்த உறை விலகினால், கீழேயுள்ள குருத்து பட்டினி கிடந்து அழிகிறது. அழிந்த இடம் சுருங்கி, காது பூக்கோசுபோல் ஆகிவிடும். நன்றாக நடந்தாலும் மேல்மடல் முழுமையாக ஆறுவதற்கு ஆறு மாதம் முதல் ஓராண்டுவரை பிடிக்கும்.

சென்ற நோன்புப் பெருநாளுக்கு முன் எங்கள் மாணவி ஒருத்தி, பதினேழு வயதினள், ஒரு சிறு கடையில் ‘கன் ஷாட்’ முறையில் மேல்காது குத்திக்கொண்டாள். வீட்டில் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் காது சிவந்தது. தோழி சொன்னபடி மஞ்சளும் தேங்காயெண்ணெயும் பூசினாள். வெளியே தெரியாதிருக்க முக்காட்டை இறுக்கிக் கட்டினாள். ஒன்பதாம் நாள் வகுப்பில் காய்ச்சலுடன் அமர்ந்திருந்தவளைத் தனியே அழைத்து முக்காட்டைத் தளர்த்தச் சொன்னேன். மேல்மடல் கனன்று வீங்கி முன்னால் தள்ளியிருந்தது. கீழ்மடலுக்கோ ஒன்றும் இல்லை. உறையில் கிருமி புகுந்ததற்கு அதுவே அடையாளம் என்று காது மூக்கு தொண்டை மருத்துவர் பின்னர் விளக்கினார். கீறிச் சீழ் எடுத்தார்கள். காது தப்பியது, விளிம்பில் ஒரு பள்ளம் மட்டும் நிலைத்துவிட்டது. ஏன் மறைத்தாய் என்று அவள் தாயார் கேட்டதற்கு, ஹராம் என்று திட்டுவீர்கள் என்று பயந்தேன் என்றாள். ஒன்பது நாள் வலியைவிட அந்தச் சொல் அவளுக்குப் பெரிதாக இருந்திருக்கிறது.

இத்தகைய தொற்றைப் பெரும்பாலும் உண்டாக்குவது சூடோமோனஸ் என்னும் கிருமி. ஈரமுள்ள இடங்களில் அது வாழும். வழக்கமாகக் கொடுக்கப்படும் பல மருந்துகளுக்கு மசியாது. 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்தில் ஒரே நகைக் கடையில் காது குத்திக்கொண்டவர்களுள் 7 பேருக்கு இந்தக் கிருமி உறுதி செய்யப்பட்டது. அனைவரும் இருபது வயதுக்குட்பட்டவர்கள். துப்புரவுக்காகத் தெளித்த மருந்துப் புட்டியிலேயே கிருமி குடியிருந்தது! சுத்தம் செய்கிறோம் என்று கடைக்காரர் சொல்வது மட்டும் போதாது என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஆகவே குத்துவதாயின், தாயின் அறிவோடு, புதிய ஊசியை நம் கண்ணெதிரே பிரித்துக் குத்தும் இடத்தில் குத்துங்கள். மருத்துவர் குத்தினால் மிக நன்று. துப்பாக்கி போன்ற கருவி குருத்தைத் துளைப்பதற்குப் பதிலாக நசுக்குகிறது. பல கருவிகளைக் கொதிநீராவியில் தூய்மை செய்யவும் இயலாது. தோட்டின் தண்டு சற்று நீளமாக இருக்கட்டும். வீங்கும்போது திருகாணி இறுகிச் சதைக்குள் புதைவதுண்டு. தழும்பு புடைத்துத் தடிக்கும் உடல்வாகு குடும்பத்தில் இருந்தால் மேல்காதை விட்டுவிடுங்கள்.

பராமரிப்பில் நம் வீட்டுப் பழக்கங்கள் சிலவற்றைக் கைவிட வேண்டும். தோட்டைத் தினமும் திருப்பிவிடுவது புண்ணை மீண்டும் மீண்டும் கிழிக்கும். எண்ணெயும் மஞ்சளும் வேண்டாம். மருந்துக் கடையில் கிடைக்கும் ‘நார்மல் சலைன்’ உப்புநீரால் நாளுக்கு இருமுறை, கை கழுவிய பின், துடைத்தால் போதும். அந்தப் பக்கமாகப் படுக்காதீர்கள். முக்காட்டு ஊசி தோட்டில் மாட்டி இழுக்கும். தளர்வான பருத்தித் துணி நல்லது. மேல்மடல் முழுவதும் சிவந்து சூடேறினால் அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். தோட்டைக் கழற்றுவதா வேண்டாமா என்பதை அவர் சொல்லட்டும்.

ஒளு குறித்துத் தனியே கேட்கிறார்கள். ஹனஃபி, ஷாஃபி இரு மத்ஹபுகளிலும் காதை மஸஹ் செய்வது சுன்னத்தே. புண் ஆறும்வரை அந்தக் காதை விட்டுவிட்டாலும் ஒளு நிறைவேறும். கடமையான குளிப்பில், தோடு இறுக்கமாக இருந்தால் அதனை அசைத்து நீர் செல்ல விடவேண்டும் என்று ஹனஃபி நூல்களில் படித்த பிள்ளைகள் புதுப் புண்ணிலும் அப்படியே செய்கிறார்கள். நீர் தீங்கு செய்யும் காயத்திற்கு அந்தச் சட்டம் தளர்கிறது. காயத்தைச் சுற்றிக் கழுவி, காயத்தின்மேல் ஈரக் கையால் தடவலாம். அதுவும் தீங்கென்றால் விட்டுவிடலாம். புண்ணிலிருந்து வழிந்தோடும் இரத்தமும் சீழும் ஹனஃபி மத்ஹபில் ஒளுவை முறிக்கும். ஷாஃபி மத்ஹபில் முறிக்காது. காய்ந்து ஒட்டிய பொருக்கினால் ஒளு முறியாது; அதை நகத்தால் பெயர்க்காமல் விட்டுவிடுங்கள்.

நிக்காஹ்வுக்கு நாள் குறித்துவிட்டுத் தெற்கு ஆவணி மூல வீதிக்கு நகை வாங்க வரும்போதே மகளின் மேல்காதையும் குத்திவிடலாம் என்று நினைக்கும் தாய்மார்களுக்கு: ஓராண்டு முன்னதாக வாருங்கள், அல்லது அழுத்திப் பொருத்தும் வளையத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.