வாரம் ஒரு மின்னஞ்சல்



பொட்டிபுரம் என்று சொன்னாலே எல்லோரும் நியூட்ரினோவைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எங்கள் தெருவில் பேச்சே வேறு. விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து, போடிமெட்டு ஏறி, ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகும் பெண்கள் சாயங்காலம் நல்லபடியாகத் திரும்ப வேண்டுமே என்பதுதான் அது. என் அம்மாவும் அவர்களில் ஒருத்தி.

ஏலச்சரம் செடியின் தூரில், தரையோடு கிடக்கும். சருகை விலக்கிக் கை விட்டால்தான் காய். அதே சருகுக்குள் இரண்டு சாண் நீளத்தில், மூக்கைத் தூக்கிக்கொண்டு ஒரு பழுப்புப் பாம்பு படுத்திருக்கும். குழிவிரியன் வகை, ஹிப்னேல் என்பது அறிவியல் பெயர். பக்கத்து வீட்டு அத்தைக்கு விரலில் ஏதோ கடித்தபோது, "குட்டிப் பாம்புதான்" என்றார்கள். அத்தை பிழைத்தது. ஆனால் என்ன பாம்பு என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை.

தெரிவது ஏன் முக்கியம்? நம் நாட்டு விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்குக்கு மட்டுமே. அதற்கு விஷம் எடுத்துத் தருபவர்களில் முக்கியமானவர்கள் வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கத்தார். ஹிப்னேல் கடிக்கு அந்த மருந்து கேட்பதில்லை. இந்தப் பாம்பு இந்தியாவில் உயிருக்கே ஆபத்தானது என்று உறுதிசெய்த கட்டுரை வந்ததே 2007இல்தான்!

அடுத்த கட்டுரை எப்போது வரும்? தினமும் தேட முடியுமா? அங்கேதான் பப்மெட் கைகொடுக்கிறது. அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் 1997 முதல் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்ட மருத்துவக் கட்டுரைப் பட்டியல் அது. தேடல் கட்டத்துக்குக் கீழே 'கிரியேட் அலர்ட்' என்று இருக்கும். கூகுள் கணக்கிலேயே உள்ளே போகலாம். தினம், வாரம், மாதம் என்று கேட்கும். வாரம், வெள்ளிக்கிழமை என்று கொடுத்தேன்.

சூட்சுமம் தேடும் சொல்லில் இருக்கிறது. 'ஸ்நேக் பைட்' என்று மட்டும் போட்டால் உலகத்துப் பாம்பெல்லாம் வந்து குவியும். 'ஹிப்னேல்' போட்டு, 'ஆர்' சேர்த்து, அதன் ஆங்கிலப் பெயரையும் மேற்கோள் குறிக்குள் போட வேண்டும். நம் லாஜிக் கேட் பாடம்தான், போங்கள்!

இன்னொரு கட்டம் இருக்கிறது: புதிதாக ஒன்றும் இல்லாவிட்டாலும் அஞ்சல் அனுப்பு என்பது. பலர் அதைத் தொடமாட்டார்கள். நான் டிக் போட்டேன். இன்ஸ்ட்ருமென்டேஷன் படிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம் சிக்னல் ஏன் 0வில் தொடங்காமல் 4 மில்லி ஆம்பியரில் தொடங்குகிறது? அளவு பூஜ்யமா, ஒயர் அறுந்ததா என்று தெரியத்தானே! வெறும் அஞ்சல் வந்தாலும் லைன் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம்.

வருவது பெரும்பாலும் தலைப்பும் சுருக்கமும்தான். முழுக் கட்டுரை பலதுக்குக் காசு கேட்பார்கள். சுருக்கத்தையே அகராதி வைத்துத்தான் படிக்கிறேன். எங்கள் வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் கிடையாது.

வெள்ளிக்கிழமை ராத்திரி அம்மா கேட்கும், "என்னப்பா, மருந்து கண்டுபிடிச்சுட்டாங்களா?"

"இன்னும் இல்லம்மா."

"சரி, வரும்போது வரட்டும். நீ தேனிக்குப் போனா முழங்கை வரைக்கும் வர்ற கையுறை கிடைக்குதான்னு பாரு. ரெண்டு ஜோடி. அத்தைக்கும் சேத்து."